கிழக்குப் பார்த்த மேசை

என்ர மகன் டொக்டர். இங்கிலாந்தில இருக்கிறான். இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு கதையும் தொடங்கத் தெரியாது, அதுக்காக மனிசி கனகேஸ்வரியிட்ட நான் வாங்காத பேச்சில்லை. "மீன் வாங்கப் போனாலும் மகன் டொக்டர் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இந்த மனிசன் விலை கேக்கும்" எண்டு அவ ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. திரியட்டும். இண்டைக்குச் சொல்ல வந்தது அவன்ர தங்கச்சி ரூபிகாவின்ர கையைப் பற்றி. அந்தக் கையைக் கெடுத்தது ஆர் எண்டு கேட்டால், தியாகராசா எண்ட நான்தான்.

வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில மூண்டாம் மாடி எங்கட வீடு. மூண்டு அறை. அதில பத்தடிக்கு ஒன்பதடி அறையொண்டில, கிழக்குச் சுவரோட ஒட்டினபடி ஒரு மேசை. கொட்டாஞ்சேனைத் தச்சர் கிறிஸ்ரி பாஸ்தான் தேக்கில செய்து தந்தவர். பாஸ் அளவெடுக்கேக்க, "சாதாரணமா முப்பது இஞ்சி உயரம் வைப்பன் ஐயா" எண்டார். "மகன் இன்னும் வளருவான், ஒரு இஞ்சி கூட்டு" எண்டன். நடுவில இழுத்துத் திறக்கிற பெரிய லாச்சி ஒண்டு வேணும் எண்டும் நான்தான் நிண்டு பிடிச்சனான். கிழக்குப் பார்த்து இருந்து படிச்சால் படிப்பு ஏறும் எண்டு எங்கட சாத்திரியார் சொன்னதால, கிழக்குச் சுவர்.

நான் அப்ப கோட்டையில ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில தலைமைக் கிளாக். பின்னேரக் கோச்சியில வெள்ளவத்தை ஸ்டேசனில வந்து இறங்கி, மூண்டு மாடியும் ஏறி வர, என்ர மகன் ஜனா அந்த மேசையில குனிஞ்ச தலை நிமிராமல் இருந்து படிச்சுக்கொண்டிருப்பான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஏ.எல். சோதனை எடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாளும். மூண்டு ஏ எடுத்து மெடிசினுக்குப் போனான். அதுக்குப் பிறகு அந்த மேசையை ஒரு அங்குலம் அசைக்க நான் ஒருத்தரையும் விடேல்லை. பெயின்ற் அடிக்க வந்தவங்கள் கூட அதைச் சுத்தித்தான் அடிச்சவங்கள்.

கட்டடம் முழுக்க இந்த மேசையின்ர புகழ் பரவிப்போச்சு. பரப்பினது நான்தான், பிறகென்ன. முதலாம் மாடி ஹாஷிம், காலி வீதியில புடைவைக்கடை வைச்சிருக்கிறவர், மகள் ஹிபாவின்ர ஓ.எல். சோதனைக்கு முதல்நாள் அவளைக் கூட்டிக்கொண்டு மேல வந்தார். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல தியாகராசா, பிள்ளை சும்மா ஒரு பத்து நிமிசம் இருந்து பார்க்கட்டும்" எண்டார். நம்பிக்கை இல்லாத மனிசன் அரை மணித்தியாலம் இருத்தி வைச்சார். ஹிபாவுக்கும் நல்ல றிசல்ட். எனக்கு நிலத்தில கால் முட்டேல்லை.

ரூபிகாவுக்கு மட்டும் சரிவரேல்லை. அதே மேசையில இருந்து கணிதப் பிரிவில ரெண்டு தரம் ஏ.எல். எடுத்தாள், ரெண்டு தரமும் கம்பஸ் கிடைக்கேல்லை. நான் பொறுமையான மனிசன் இல்லை. "அதே மேசை, அதே கிழக்கு, கொண்ணன் ஜனாவுக்கு வந்தது உனக்கு ஏன் வரேல்லை?" எண்டு கேட்டனான். ஒரு தரம் இல்லை, ஆக்களுக்கு முன்னாலயும் கேட்டனான். அவள் ஒண்டும் சொல்லேல்லை. சொல்ல மறுமொழி இல்லையாக்கும் எண்டு நினைச்சன்.

பெட்டை தானாத் தேடிப்போய் கட்டடப் படம் கீறுற படிப்புப் படிச்சாள். இங்க ரெண்டு மூண்டு இடத்தில வேலை பார்த்து, போன வருசம் மெல்பேணில இருக்கிற ஒரு கொம்பனிக்கு வீட்டிலிருந்தே செய்யிற வேலை ஒண்டு எடுத்தாள். அங்க கட்டப் போற வீடுகளுக்கு இவள் இங்க இருந்து, எங்கட நேரப்படி, கொம்பியூட்டரில பிளான் கீறுவாள். ஆறு மாசம் பரீட்சார்த்தமா வைச்சுப் பார்த்து, பிடிச்சால்தான் நிரந்தரமாக்குவாங்களாம். இருபத்தேழு வயசில முதல்முதலா அவள் முகத்தில ஒரு வெளிச்சம் கண்டன். பின்னேரத்தில வேலை முடிச்சு வந்து, "அப்பா, இண்டைக்கு ஒரு வீட்டுக்கு மாடிப்படி வைச்சனான்" எண்டு சொல்லுவாள், ஏதோ தானே சீமெந்து குழைச்ச மாதிரி.

அஞ்சாம் மாசம் கை விறைக்கத் தொடங்கிச்சு. வலது கையில பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல். முதல்ல காலமையில கையை உதறுவாள். பிறகு பிடரி நோ எண்டாள். ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்து உடைஞ்சுது. கோப்பை உடைஞ்சதுக்கு நான் ஏச வாயெடுத்தன், அவள் உடைஞ்ச துண்டைப் பொறுக்க ஏலாமல் விரலைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். நான் குனிஞ்சு பொறுக்கினன்.

"அப்பா, இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு. இந்தக் கை ஏமாத்திச்சுதெண்டால் வேலை போயிடும்" எண்டாள்.

களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் பார்த்துப்போட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்க இருந்தது ஸீனத் எண்ட பிள்ளை, முப்பது வயசிருக்கும், சிரிச்ச முகம். கையை வளைச்சு, தட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தா. மணிக்கட்டில நரம்பு நசியுதாம், தோளும் கழுத்தும் இறுகிப்போய்க் கிடக்குதாம். மணிக்கட்டுக்குக் கட்டுற பட்டி ஒண்டு தந்து, கொஞ்சம் பயிற்சியும் காட்டித் தந்தா.

"மருந்து எழுதுங்கோவன் பிள்ளை" எண்டன்.

"மருந்தால மட்டும் சரிவராது அங்கிள். இவங்க நாளைக்கு எட்டு மணித்தியாலம் எப்படி இருக்கிறாங்கண்டு நான் பார்க்கணும். வேலை செய்யக்குள்ள பக்கவாட்டில நிண்டு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. அவங்களுக்குத் தெரியாம எடுங்க, தெரிஞ்சா நேரா நிமிர்ந்துருவாங்க."

அடுத்த நாள் பின்னேரம் மூண்டரைக்கு நான் பூனை மாதிரி அறைக்குள்ள போனன். மேசை மூலையில, பக்கத்தில அலுமாரி. பக்கவாட்டில நிக்கிறதெண்டால் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில வயித்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிக்க வேணும். அப்பிடி நிண்டு எடுத்தன். பதினைஞ்சு வருசமா அந்த மேசையில இருக்கிறவையை வாசலில நிண்டு முதுகைத்தான் பார்த்திருக்கிறன். பக்கத்தில இருந்து பார்த்தது அண்டைக்குத்தான்.

ஃபோனில அந்தப் படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன். என்ர பிள்ளை அஞ்சடிதான். மேசை விளிம்பு அவளின்ர நெஞ்சுக்கு வருது. ரெண்டு தோளும் காதுக்குக் கிட்ட ஏறி நிக்குது. வலது முழங்கை அந்தரத்தில தொங்குது, மணிக்கட்டு விளிம்பில மடங்கிக் கிடக்குது. மேற்கு யன்னலால கடல் பக்கத்து வெயில் அவளின்ர முதுகுக்குப் பின்னால வந்து நேரே ஸ்கிரீனில அடிக்குது. அது கண்ணில குத்தாமல் இருக்க ஸ்கிரீனை ஒரு பக்கம் திருப்பி வைச்சு, தானும் இடுப்பில முறுகி, கழுத்தைத் திருப்பி இருக்கிறாள். கடைத்தெருவில ஆரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆள் மாதிரி. நாங்கள் திரும்பிப் பார்த்தால் ஒரு நொடி. இவள் எட்டு மணித்தியாலம்.

படத்தை ஸீனத்துக்கு அனுப்ப, அஞ்சு நிமிசத்தில ஃபோன் எடுத்தா. "அங்கிள், மேசை உயரம் கூடிப்போச்சு. முழங்கை மேசை மட்டத்துக்கு வரணும், தோள் கீழ இறங்கணும். ஒண்டில் கதிரையை உயர்த்தி காலுக்குக் கீழ ஏதும் வையுங்க, இல்லாட்டி மேசையைக் குறையுங்க. ஸ்கிரீன்ட மேல் விளிம்பு கண்ணுக்கு நேர வரணும், கொஞ்சம் அங்கால தள்ளி. யன்னல் முதுகுக்குப் பின்னால வேணாம், பக்கத்தில வாற மாதிரி மேசையைத் திருப்புங்க."

"திருப்பேலாது பிள்ளை" எண்டன்.

"ஏன், இடம் இல்லையா?"

"இடம் இருக்கு. அது கிழக்குப் பார்த்த மேசை."

"சரி அங்கிள், ஏலுமானதைச் செய்ங்க" எண்டு வைச்சுட்டா.

ஏலுமானதைச் செய்தன். மகளுக்காக நான் உயிரையும் குடுப்பன், மேசையைத்தான் குடுக்கமாட்டன், அந்த மாதிரி ஒரு மனிசன் நான். ஸ்கிரீனை உயர்த்த ஜனாவின்ர பழைய பாஸ்ற் பேப்பர், சோதனைக் கேள்வித்தாள் கட்டுகளை அடுக்கினன். ரூபிகா கதிரையை உயர்த்தினாள், தொடை ரெண்டும் லாச்சியில போய் இறுகிச்சு. ரெண்டு இஞ்சிக்கு மேல கதிரை ஏற இடமில்லை. அந்த ரெண்டு இஞ்சிக்கும் கால் தொங்கிச்சு. அவள் மிச்சம் கிடந்த ரெண்டு பேப்பர்க் கட்டைக் காலுக்குக் கீழ இழுத்தாள். நான் போட்ட சத்தம் ஹாஷிம் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"புத்தகத்தில காலை வைக்கிறியோ? சரஸ்வதி இந்த வீட்டில ஒரு நிமிசம் இருப்பாவோ?"

"ஸ்கிரீனுக்குக் கீழ வைக்கேக்க பரவாயில்லையோ அப்பா?"

"அது கண் படுறது. இது கால் படுறது."

மனிசி கனகம் குசினியில இருந்து சாப்பிட இருக்கிற பலகையைக் கொண்டுவந்து காலுக்குக் கீழ வைச்சா. "அந்த லாச்சியைக் கழட்டினால் காணும்தானே" எண்டா. லாச்சியைக் கழட்டினால் அது ஜனாவின்ர மேசையோ எண்டு கேட்டன். யன்னலுக்கு ஒரு தடிச்ச திரை போட்டன், அறை கோயில் மூலஸ்தானம் மாதிரி இருண்டுபோச்சு. லைற் போட்டால் அதுவும் ஸ்கிரீனில அடிச்சுது. எல்லாம் செய்து முடிச்சு, "இப்ப எப்பிடி?" எண்டு கேட்டன். "பரவாயில்லை அப்பா" எண்டாள். பொய் சொல்லுறாள் எண்டு தெரிஞ்சுது. தெரிஞ்சும் நான் அதைக் கேட்டு ஆறுதல் பட்டுக்கொண்டன்.

பத்து நாள் போச்சு. பதினோராம் நாள் மெல்பேணில இருந்து மெயில் வந்துது. அவள் கீறின பிளான் ஒண்டில கதவு பிழையான சுவரில. அளவும் ரெண்டு இடத்தில பிழை. விரல் விறைச்சு, மவுஸ் வழுக்கி, அவள் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறாள். நிரந்தரமாக்கிற முடிவை ஒரு மாசம் தள்ளி வைக்கிறம், அதுக்குள்ள இப்பிடிப் பிழை இன்னொண்டு வந்தால் தொடர ஏலாது எண்டு எழுதியிருந்தது. அவள் அழேல்லை. இடது கைக்கு மவுஸை மாத்தி வைச்சு, எழுதப் பழகிற குழந்தை மாதிரி ஒரு கோடு கீற எத்தனையோ தரம் தெண்டிச்சுக்கொண்டிருந்தாள். கனகம் என்னை ஹோலுக்கு இழுத்துக்கொண்டு வந்தா.

"இஞ்சருங்கோ. மகனுக்கு மேசையோ, மகளுக்குக் கையோ. ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

"சும்மா விசர்க்கதை கதையாதையும்" எண்டு பாய்ஞ்சன். ஆனா அந்தக் கேள்வி போகேல்லை, சோத்துக்குள்ள கல்லுக் கடிச்ச மாதிரிக் கிடந்துது.

சனிக்கிழமை அவள் பாமன்கடையில சிநேகிதி சாருஜா வீட்டுக்குப் போயிட்டாள், திங்கட்கிழமைதான் வருவாள். பின்னேரம் நாலு மணிக்கு நான் அந்தக் கதிரையில போய் இருந்தன். எனக்கு உயரம் காணும் எண்டபடியால் கதிரையைக் கடைசி மட்டும் இறக்கினன், படத்தில அவளுக்கு வாற மாதிரி மேசை என்ர நெஞ்சுக்கு வந்துது. திரையை நீக்கினன். வெயில் ஸ்கிரீனில அடிச்சுது, கழுத்தைத் திருப்பினன். மவுஸைப் பிடிச்சு, அவள் எனக்கு ஃபோனில போட்டுத் தந்த சீட்டு விளையாட்டைக் கொம்பியூட்டரில தேடி விளையாடினன். அரை மணித்தியாலம் எண்டு நினைச்சுத் தொடங்கினது, இருபதாவது நிமிசம் தோள்மூட்டில நெருப்பு. சுட்டு விரலில எறும்பு ஊருற மாதிரி. எழும்பேக்க நாரி நோக, இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினன்.

அதில வைச்சுத்தான் ரெண்டு வருசம் அந்தப் பிள்ளையைப் படி படி எண்டு இருத்தினனான். பிறகு ஆறு மாசம் வேலைக்கு. நான் உடன கிறிஸ்ரி பாஸுக்கு ஃபோன் எடுத்தன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாஸ் வாளும் பெட்டியுமா வந்தார். அளவு எடுத்து, ரூபிகாவின்ர உயரத்தைக் கேட்டு, ஸீனத்தோட ஃபோனில கதைச்சு, கடைசியில சொன்னார்: "லாச்சியைக் கழட்டுவம். நாலு காலிலயும் நாலு நாலு இஞ்சி வெட்டுவம். ஐயா, ஒண்டு யோசிச்சுக்கொள்ளுங்க. வெட்டினா திரும்ப ஒட்டேலாது."

"தெரியும், வெட்டு" எண்டன். அதுக்கு முதல் ஒரு கற்பூரம் கொளுத்தி மேசைக்குக் காட்டினன். சிரிக்காதையுங்கோ, எனக்கு அது விளையாட்டில்லை. ஒரு பிள்ளைக்குக் குடுத்ததை மற்றப் பிள்ளைக்காக அறுக்கிறன் எண்டுதான் இருந்துது. பாஸும் வாளைக் கீழ வைச்சுச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மேசையைக் குப்புறக் கவிட்டு வெட்டத் தொடங்கினார்.

மூண்டாவது கால் வெட்டிக்கொண்டிருக்கேக்க ஜனா வீடியோவில வந்தான். ஞாயிறு மத்தியானம் எடுக்கிறது அவன்ர வழக்கம். "என்னப்பா சத்தம்?" எண்டான்.

நான் ஃபோனைத் திருப்பிக் காட்டினன். "உன்ர மேசை. தங்கச்சிக்காகக் குறைக்கிறன். என்னோட கோவிக்காதை ராசா. நீ படிச்ச மேசை எண்டு இவ்வளவு காலம் காத்தனான், இனி ஏலாது."

"அப்பா, பாஸை வெளியில அனுப்பிப்போட்டுக் கதையுங்கோ" எண்டான். நான் அறைக்கு வெளியில வந்தன்.

"அப்பா, நான் அந்த மேசையில படிக்கேல்லை."

"என்னடா விசர் கதைக்கிறாய்? நான் கண்ணால கண்டனான்."

"நீங்கள் கண்டது பத்து நிமிசம். அந்த லாச்சி எனக்குத் தொடையில இடிக்கும். பின்னேரம் முதுகில வெயில். நான் உங்கட அறையில, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில பாயைப் போட்டுப் படுத்திருந்துதான் படிச்சனான். வெள்ளவத்தை ஸ்டேசனில கோச்சி வந்து நிக்கிறது யன்னலால தெரியும்தானே. உங்கட கோச்சியைக் கண்டவுடன எழும்பி வந்து மேசையில இருப்பன். நீங்கள் மூண்டு மாடி ஏறி வாறதுக்குள்ள புத்தகமும் விரிச்சிடுவன். நீங்கள் குளிக்கப் போனாப் பிறகு திரும்பப் பாய்க்கு."

கனகம் அந்த நேரங்களில ரியூசன் வகுப்பு எடுக்கப் போயிடுவா. அவவுக்கும் தெரியாது. அவ எனக்குப் பக்கத்தில வாயில சீலைத் தலைப்பை வைச்சுக்கொண்டு நிண்டா, சிரிக்கிறாவோ அழுகிறாவோ எண்டு விளங்கேல்லை.

"ரூபிக்குத் தெரியும் அப்பா" எண்டான் ஜனா. "அவள்தான் யன்னலில நிண்டு பார்க்கிறவள். 'அண்ணா, அப்பான்ர கோச்சி' எண்டு ஓடி வந்து சொல்லுவாள்."

நான் ஃபோனைக் கனகத்தின்ர கையில குடுத்துப்போட்டு கதிரையில இருந்திட்டன். மூண்டு ஏ வாங்கிக் குடுத்தது மேசை இல்லை எண்டது எனக்குப் பெரிசாய் நோகேல்லை. பிள்ளை கெட்டிக்காரன், நிலத்தில இருந்தும் எடுத்தான். நொந்தது மற்றது. "அதே மேசை, அதே கிழக்கு" எண்டு நான் அவளைக் கேக்கேக்க, அவளுக்கு மறுமொழி தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தரமும் தெரிஞ்சிருக்கு.

திங்கள் காலமை ரூபிகா வந்தாள். அறைக்குள்ள போனவள் அப்பிடியே நிண்டுட்டாள். மேசை வடக்குச் சுவரோட கிடந்துது, நாலு இஞ்சி கட்டையாய், லாச்சி இல்லாமல். யன்னல் இடது பக்கத்தில.

"மேசைக்கு என்ன நடந்தது அப்பா?"

"நான்தான் வெட்டுவிச்சனான். இரு."

இருந்தாள். நான் கட்டிலில இருந்தன். சுத்தி வளைச்சுக் கதைக்க எனக்கு வராது. "கொண்ணன் எல்லாம் சொன்னவன். கோச்சிக் கதையும் சொன்னவன். உனக்கு எல்லாம் தெரியும். நான் உன்னை அவ்வளவு பேசேக்கயும் ஏனம்மா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

அவள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சின்னனில அண்ணா சொல்லாதை எண்டவன். பிறகு நீங்கள் கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சியள், அவ்வளவு புளுகம், சந்தோசம் உங்களுக்கு. அதைக் கெடுக்க மனம் வரேல்லை. எனக்குக் கம்பஸ் கிடைக்காமல் போனாப் பிறகு சொல்லியிருக்கலாம். அப்ப சொன்னா, அண்ணாவில பொறாமையில சொல்லுறாள் எண்டு நினைச்சிருப்பியள்."

இல்லை எண்டு சொன்னால் பொய். அப்பிடித்தான் நினைச்சிருப்பன். அது எனக்குத் தெரிஞ்சதை விட அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு, பத்தொன்பது வயசிலேயே.

"பிழை என்னில பிள்ளை. மேசையில இல்லை, உன்னில இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்" எண்டன். அறுபத்தெட்டு வயசில என்ர வாயால அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தரம். பிறகு எனக்குக் கண்ணால தண்ணி ஓடத் தொடங்கிச்சு, நிப்பாட்ட ஏலேல்லை. அவளும் அழுதாள். கனகம் வாசலில நிண்டு, "ரெண்டு பேரும் அழுது முடிச்சால் கதிரையைச் சரியாக்குங்கோ, எட்டரைக்குப் பிள்ளை வேலை தொடங்க வேணும்" எண்டா.

சரியாக்கினம். நான் சொல்லாமல் அவளைக் கேட்டுக் கேட்டுச் செய்தன். கதிரையை ஏத்தினாள், தொடைக்கு மேல இப்ப இடம் இருந்துது. முழங்கையை மடிச்சு மேசையில வைச்சாள், மட்டம் சரி. தோள் தானா இறங்கிச்சு. ஸ்கிரீனை ஒரு கை நீட்டுத் தூரத்தில வைச்சு, பேப்பர் கட்டில ஒண்டை எடுத்துவிட்டம். கால் இன்னும் கொஞ்சம் தொங்கிச்சு. அதுக்குப் பாஸ் வெட்டின நாலு துண்டையும் சேர்த்து, ஒரு பலகை அடிச்சு, சரிவா ஒரு கால்கட்டை செய்து வைச்சிட்டுப் போயிருந்தார். மவுஸைக் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில இழுத்து வைச்சாள். ஸீனத் சொன்ன மாதிரி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்க வேணும் எண்டு ஃபோனில மணி வைச்சம். மணி அடிக்காட்டிலும் நான் வாசலில போய் நிண்டு தொண்டையைச் செருமுவன். அதுக்கும் அவளிட்டப் பேச்சு வாங்கினன்.

கை ஒரே நாளில சரிவரேல்லை. முதல் கிழமையில பிடரி நோ குறைஞ்சுது. ரெண்டாம் கிழமையில காலமை கையை உதறுறதை நிப்பாட்டினாள். நடுவிரலில மட்டும் விறைப்பு இன்னும் போய்ப் போய் வருது, ஸீனத் ஒவ்வொரு கிழமையும் பார்த்து, பொறுமையா இருங்க எண்டு சொல்லுறா. பிழை ஒண்டும் போகேல்லை. அனுப்ப முதல் ஒவ்வொரு கதவையும் ரெண்டு தரம் பார்க்கிறாள். ஒரு நாள் எனக்கும் ஒரு பிளானைக் காட்டி, எங்க பிழை இருக்குது கண்டுபிடியுங்கோ எண்டாள். எனக்கு அதில வீடே தெரியேல்லை, வெறும் கோடு. குளியலறை எது எண்டு நான் கேக்க, அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள்.

நேற்றுத்தான் அந்த ஒரு மாசம் முடிஞ்சுது. காலமை பத்து மணி போல, "அப்பா, இஞ்ச ஒருக்கா வாங்கோ" எண்டு கூப்பிட்டாள். ஓடிப் போனன். மெயிலை இங்கிலீசில வாசிச்சாள். முதல் வரி எனக்கு விளங்கேல்லை, ரெண்டாவது வரி விளங்கிச்சு. வேலை நிரந்தரம். அவளின்ர வேலையில எவ்வளவு கவனம் எண்டு ஒரு வரி தனியா எழுதியிருந்தாங்கள். அதை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னன்.

என்ர கை தானா ஃபோனுக்குப் போச்சு. ஜனாவுக்குச் சொல்ல வேணும், கட்டடத்துக்குச் சொல்ல வேணும், இன்னும் ஆர் ஆருக்கோ சொல்ல வேணும். அவள் வலது கையை நீட்டி என்ர கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"இதை நான் சொல்லுறன் அப்பா."

சரி எண்டன். கட்டில் விளிம்பில போய் இருந்தன். வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில இருக்கிறது எனக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனா இருந்தன். இங்கிலாந்தில அப்ப விடியப்புறம், ஜனா நித்திரைக் கலக்கத்தில எடுத்தான். அவள் விசயத்தைச் சொன்னாள். அவன் அந்தப் பக்கத்தில கத்தினது எனக்கே கேட்டுது. பிறகு, "எங்க இருந்து கதைக்கிறாய்?" எண்டு கேட்டான் போல.

"என்ர மேசையில" எண்டாள்.